உருளைக்கிழங்கு வேகவைத்த கப்பல் மணி: பண்பாட்டுப் பொருளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் கேட்கும் கேள்விகள்

பருவத் தேர்வுக்கு முந்தைய மாதம் வந்துவிட்டால் இந்தக் கேள்விகளும் வந்துவிடும். "ஒரு பண்பாட்டுப் பொருளைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்து எழுதுக" என்று ஒற்றை வரியில் பணியைக் கொடுத்துவிடுகிறோம். எப்படி எழுதுவது என்று சொல்லித் தருவதில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதற்குப் பரிகாரமாக, அடிக்கடி கேட்கப்பட்டவற்றை இங்கே திரட்டியிருக்கிறேன்.

பண்பாட்டுப் பொருள் என்று எதைச் சொல்கிறார்கள்?

மனிதர் செய்தது, அல்லது மனிதர் கைப்பட்டு ஒரு பயனுக்கு வந்தது எதுவானாலும் சரி. சோழர் காலச் செப்புத்திருமேனி பண்பாட்டுப் பொருள் என்றால் தாயக்கட்டையும் ரேஷன் அட்டையும் அஞ்சறைப் பெட்டியும் பண்பாட்டுப் பொருள்களே. பழமை, அழகு, விலை இவை எதுவும் தகுதி அல்ல.

ஒரே ஒரு எச்சரிக்கை: பொருள் கைக்கடக்கமாக இருக்கட்டும். தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொண்டு வருபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. கோயில் ஒரு கட்டுரைக்குள் அடங்காது. அதன் அதிட்டானத்தில் (அடித்தளத்தில்) இருக்கும் ஒரு கல்வெட்டு அடங்கும்.

எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது?

பார்த்ததும் "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று உங்களை ஒரு கணம் நிறுத்துகிற பொருளை. எல்லாமே உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்த பொருள் என்றால் எழுத ஒன்றும் மிஞ்சாது. பாடப்புத்தகத்தைத்தான் திருப்பி எழுதுவீர்கள்.

நான் வகுப்பில் எப்போதும் எடுத்துக்காட்டுவது ஒரு மணி. நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில் உள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே அதன் பெயரே 'தமிழ் மணி' என்பதுதான். உடைந்துபோன வெண்கல மணி. சுற்றிலும் தமிழ் எழுத்து ஓடுகிறது. 1836-ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ ஊழியர், நாட்டின் வடபகுதியில் வாங்கரே என்ற ஊருக்கு அருகே இதைப் பார்த்தார். அப்போது அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரியரின் பெண்கள் இதைக் கவிழ்த்துப் பாத்திரமாக்கி அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, ஒரு பெருங்காற்றில் மரம் வேரோடு சாய்ந்தது, வேர்களின் அடியில் கிடைத்தது என்றார்கள். மணி கொலென்சோவிடம் இருந்து, அவருக்குப் பின் அருங்காட்சியகத்தை அடைந்தது.

இத்தனையும் ஒரு பத்தியில் அடங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல பொருளுக்கு அதுதான் அடையாளம். கீழே வரும் பதில்களிலும் இந்த மணியையே வைத்துக்கொள்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? நூலகத்திலா?

இல்லை. பொருளின் முன்னால். புத்தகத்தைத் தொடுவதற்கு முன் ஒரு மணி நேரம் பொருளை மட்டும் பாருங்கள். எதனால் ஆனது, எவ்வளவு பெரியது, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது, எந்தப் பக்கம் கை பட்டு மெருகேறியிருக்கிறது, என்ன இருந்திருக்க வேண்டியது இல்லாமல் போயிருக்கிறது என்றெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அளவை உத்தேசமாக எழுதாதீர்கள். கையில் இருந்தால் அளந்து எழுதுங்கள், அருங்காட்சியகத்தில் இருந்தால் அவர்களுடைய பதிவிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஜூல்ஸ் பிரௌன் 1982-இல் இதற்கு ஒரு வரிசை வகுத்தார்: முதலில் விவரிப்பு, பிறகு உய்த்துணர்தல் (பார்த்ததிலிருந்து தெரியவருவதை எடுத்துச் சொல்வது), கடைசியில்தான் ஊகம். வரிசையை மாற்றக்கூடாது என்பதுதான் அதில் உள்ள கண்டிப்பு. நம் மாணவர்கள் பெரும்பாலும் ஊகத்தில் தொடங்கி, அதற்கு ஒத்துவரும் விவரத்தை மட்டும் பொருளில் தேடுகிறார்கள். மணியைப் பார்ப்பதற்கு முன்பே "தமிழர் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தனர்" என்று தலைப்பு எழுதிவிடுகிறார்கள். பிறகு மணி எதைச் சொன்னாலும் காதில் விழாது.

விவரிப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம்?

கட்டுரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். பின்னால் பயன்படுத்தாத விவரத்தை முன்னால் எழுதாதீர்கள்.

பொருளில் எழுத்து இருந்தால் என்ன செய்வது?

கொண்டாடுங்கள். ஆனால் மெதுவாகப் படியுங்கள். எழுத்து இருக்கிற இடத்தில்தான் அவசரப்பட்டு வழுக்குகிறோம்.

மணியில் உள்ள வரியை "முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி" என்று வாசிக்கிறார்கள். அதாவது, முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி. பொருள் விளங்கிவிட்டது என்று பெரும்பாலான கட்டுரைகள் இத்துடன் நகர்ந்துவிடுகின்றன. நகராதீர்கள். மணியில் உள்ளபடியே படியெடுத்தவர்கள் "வககுசு" என்றும் "கபல" என்றும் தருகிறார்கள். "வககுசு" என்பதில் இல்லாதது ஒரு புள்ளி மட்டும். ஓலையிலும் கல்லிலும் புள்ளியில்லாமல் எழுதுவது நம் பழைய வழக்கம். படிப்பவர் தாமே போட்டுக்கொள்வார். ஆனால் "கபல" என்பதில் புள்ளி மட்டுமா இல்லை? ஒரு 'ப' முழுதாகவே இல்லை. இது வார்ப்பவர் கைத்தவறா, இடம் போதாமையா, சொன்னதைக் காதால் கேட்டு எழுதியதா? மூன்றுமே வாதிடத்தக்கவை. இந்த ஒரு 'ப'வைப் பற்றி அரைப் பக்கம் எழுதியவருக்கு நான் தாராளமாக மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அடுத்து, சொற்கள். "உடைய" இரண்டு முறை வருகிறது. "முகைதீன் பக்ஸ் கப்பல் மணி" என்று இறுக்கமாகச் சொல்லியிருக்கலாம். வெண்கலத்தில் ஒவ்வொரு எழுத்தும் வேலைதானே. இருந்தும் உடைமை இரண்டு தடவை அழுத்திச் சொல்லப்படுகிறது: ஆளுடைய கப்பல், கப்பலுடைய மணி.

இனி, இல்லாதவை. ஐரோப்பியக் கப்பல் மணிகளில் வழக்கமாகக் கப்பலின் பெயரும் அது கட்டப்பட்ட ஆண்டும் இருக்கும். இந்த மணியில் கப்பலின் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. இருப்பது உடைமையாளர் பெயர் மட்டுமே. ஆராய்ச்சிக்கான விதை இந்த இடத்தில் கிடக்கிறது.

பெயரை வைத்து என்ன சொல்ல முடியும்?

கொஞ்சம் சொல்லலாம். முகைதீன் என்பது தமிழ் முஸ்லிம்களிடையே நெடுங்காலமாக வழங்கும் பெயர். பக்தாதில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி அப்துல் காதிர் ஜீலானியை 'முகைதீன் ஆண்டவர்' என்று நம் கடற்கரை ஊர்கள் அழைப்பதிலிருந்து வந்தது. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளின் மரக்காயர்கள் இன்றைய இந்தோனேசியா, மலேசியாவில் உள்ள அச்சே, கெடா, மலாக்கா வரை சொந்தக் கப்பலில் வணிகம் செய்தவர்கள். கீழக்கரைச் சீதக்காதி போன்ற பெருவணிகர்களை 17-ஆம் நூற்றாண்டிலேயே பார்க்கிறோம். ஆகவே ஒரு தமிழ் முஸ்லிம் கப்பல் உரிமையாளர் தம் மணியில் தமிழில் பெயர் பொறித்தார் என்பதில் வியப்புக்கு இடமில்லை. அது அவர்களுடைய அன்றாடம்.

இதற்கு மேல் போகாதீர்கள். இன்ன ஊர்க்காரர், இன்ன குடும்பத்தவர் என்று சொல்ல இந்த ஐந்தாறு சொற்கள் இடம் தரவில்லை. இணையத்தில் இந்த மணியைப் பற்றிப் பேசுவோரில் பலர் அந்தப் பெயரைச் சொல்லாமலே 'பண்டைத் தமிழர்' என்று கடந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். பொருளின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரை மறைத்துவிட்டு அதைப் பற்றிப் பெருமைப்படுவது என்ன வகை ஆய்வு?

எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் குறிக்கலாமா?

குறிக்கலாம், கையைக் கட்டிக்கொண்டு. சில எழுத்துகள் பழைய வடிவில் இருப்பதைக் காட்டி மணிக்கு ஐந்நூறு ஆண்டு வரை வயது சொன்னவர்கள் உண்டு. ஆனால் எழுத்து வடிவம் ஒரே நாளில் எல்லா ஊரிலும் மாறுவதில்லை. ஏட்டில் மாறிய எழுத்து பட்டறையில் மாறாமல் இருந்திருக்கலாம். வார்ப்பவர் தம் தாத்தா வெட்டிய எழுத்தையே வெட்டியிருக்கலாம்.

அதைவிட முக்கியம், 'மணியின் காலம்' என்று ஒன்று கிடையாது. நான்கு காலங்கள் இருக்கின்றன. மணி வார்க்கப்பட்டது ஒரு காலம். கப்பலில் தொங்கியது ஒரு காலம். நியூசிலாந்துக் கரையை அடைந்தது ஒரு காலம். கொலென்சோ கண்ணில் பட்டது ஒரு காலம். நான்காவது மட்டும்தான் நமக்கு ஆண்டுக் கணக்கில் கிடைக்கிறது. முதலாவதற்குக் கிடைத்த வயதை எடுத்து மூன்றாவதற்குப் போட்டுவிடுவதுதான் இந்த மணி பற்றிய கட்டுரைகளில் நான் மிக அதிகமாகச் சிவப்பு மை செலவழிக்கும் இடம். ஐந்நூறு ஆண்டுப் பழைய மணி ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே அங்கே போயிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? உங்கள் வீட்டுக் குத்துவிளக்கு கொள்ளுப்பாட்டி காலத்தது. நீங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி போன ஆண்டு கட்டியது.

பொருளின் 'சரியான' பயன்பாட்டைப் பற்றி மட்டும் எழுதினால் போதாதா? உருளைக்கிழங்கு வேகவைத்ததை எல்லாம் எழுத வேண்டுமா?

எழுத வேண்டும். என்னைக் கேட்டால், இந்த மணியில் மிகச் சுவையான செய்தியே அதுதான்.

உருளைக்கிழங்கு நியூசிலாந்தின் பயிர் அல்ல. மாவோரியர் தம் முன்னோர் காலத்திலிருந்து கொண்டுவந்து பயிரிட்டது குமாரா என்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. உருளைக்கிழங்கு 1769-க்குப் பிறகு ஐரோப்பியக் கப்பல்களோடு வந்தது. சில பத்தாண்டுகளில் வடபகுதி முழுவதும் பரவி, கரைக்கு வரும் கப்பல்களுக்கு விற்கும் சரக்காகவே ஆனது. இன்னொன்று: மாவோரியர் மண்பானை வனைந்ததில்லை, உலோகம் வார்த்ததில்லை. குழி தோண்டி, கற்களைச் சுட்டு, அதில் உணவை வைத்து மூடி ஆவியில் வேகவைப்பது அவர்கள் சமையல். அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து அதில் கிழங்கைப் போடுவது என்பதே உலோகப் பாத்திரம் வந்த பிறகு பரவிய பழக்கம்.

இப்போது அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். 1836-இல் அந்த அடுப்பில் இருந்த கிழங்கும் கப்பலில் வந்தது, பாத்திரமும் கப்பலில் வந்தது, சமைக்கும் முறையும் கப்பல்களை ஒட்டி வந்தது. கடல் ஏற்கெனவே அந்த ஊருக்குள் நுழைந்து அடுப்படி வரை வந்துவிட்டது. ஒரு மணியை வைத்து இவ்வளவு சொல்ல முடிகிறது என்றால், அதை 'சரியான பயன்பாடு இல்லை' என்று ஒதுக்குவது நட்டம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "அதன் அருமை அறியாமல் கிழங்கு வேகவைத்தனர்" என்று ஆண்டுக்கு நான்கு பேராவது எழுதுகிறார்கள். உடைந்த மணி ஒலிக்காது. ஒலிக்காத மணியைக் கவிழ்த்தால் தண்ணீர் நிற்கும், நெருப்புத் தாங்கும். பாத்திரம் கிடைக்காத ஊரில் இதைவிட அருமை எப்படி அறிவது? நம்மூரில் கல்வெட்டுள்ள கற்களை வாய்க்கால் படியாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் போட்டிருக்கிறோம். இலங்கையின் காலி நகரில் 1911-இல் கிடைத்த மும்மொழிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். 1409-ஆம் ஆண்டுக் காலக்குறிப்போடு சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ நிறுவச் செய்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை சொல்லும் அந்தக் கல், கண்டெடுக்கப்பட்டபோது ஒரு சிறு பாலத்தின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிமிர்ந்து நிற்கிறது. கவிழ்ந்து கிடந்த காலமும் அதன் வரலாற்றைச் சேர்ந்ததுதான்.

அப்படியானால் தமிழர்கள் ஐரோப்பியருக்கு முன்பே நியூசிலாந்துக்குப் போனார்களா இல்லையா?

இந்தக் கேள்விக்கு மணி விடை சொல்லாது. மணி அங்கே இருந்தது என்பது சான்று. தமிழர் அங்கே இருந்தனர் என்பது ஊகம். இரண்டுக்கும் நடுவே ஒரு பெருங்கடல் இருக்கிறது.

மாணவர்களிடம் நான் கேட்பது, மணி அங்கே போய்ச் சேரக்கூடிய வழிகளை எல்லாம் முதலில் எழுதுங்கள் என்றுதான். தமிழ்க் கப்பலே போயிருக்கலாம். ஆளில்லாத கப்பல் நீரோட்டத்தில் இழுபட்டு உடைந்திருக்கலாம். தமிழ்க் கரையிலோ மலாக்காவிலோ பழைய மணியை விலைக்கு வாங்கிய வேறொரு கப்பல் கொண்டுபோயிருக்கலாம். ஐரோப்பியக் கப்பலில் வேலை செய்த இந்திய மாலுமிகள் மூலம் போயிருக்கலாம்.

கடைசி வழி வெறும் கற்பனை அல்ல. 1769 ஜூன் மாதம் ஜான் பிரான்சுவா தெ சுர்வில் என்ற பிரெஞ்சுக்காரரின் கப்பல் நம் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டு, அதே டிசம்பரில் நியூசிலாந்தின் வடகோடிக்குப் போய் நங்கூரமிட்டது. கப்பலில் இந்திய மாலுமிகளும் இருந்தார்கள். புயலில் அங்கே விட்டுவந்த நங்கூரங்கள் 1974-இல் கடலடியில் கண்டெடுக்கப்பட்டன. ஆக, சோழமண்டலக் கரையிலிருந்து நியூசிலாந்தின் வடபகுதிக்கு ஒரு கப்பல் போனதற்கு ஆவணம் இருக்கிறது. உடனே "அந்தக் கப்பலில்தான் மணி போனது" என்று எழுதிவிடாதீர்கள். அதற்கும் சான்று இல்லை. நங்கூரமிட்ட இடமும் வாங்கரேயும் ஒன்றல்ல. இந்தச் செய்தியின் பயன் வேறு: மணி அங்கே இருப்பதற்குப் பண்டைக்காலப் பயணம் ஒன்று கட்டாயமில்லை என்று அது காட்டுகிறது.

வாதத்தின் பாரம் இங்கேதான் கைமாறுகிறது. பழங்காலப் பயணம் என்று வாதிடுபவர், பிற்கால வழிகள் ஏன் பொருந்தாது என்று காட்ட வேண்டும். மரத்தின் வேருக்கடியில் கிடைத்தது என்ற வாய்மொழிச் செய்தியை அவர் எடுத்துக்கொள்ளலாம். மரம் வளர ஆண்டுகள் ஆகுமல்லவா? நல்ல வாதம்தான். எதிர்வாதமும் உண்டு: நின்ற மரத்தடியில் ஒருவர் குழிதோண்டி ஒளித்து வைத்திருக்கலாம். இரண்டையும் எழுதி, எது வலுவானது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மையக் கருத்தை எப்படி அமைப்பது?

எதிர்த்து வாதிட முடியாத வாக்கியம் மையக் கருத்து ஆகாது. "தமிழ் மணி தமிழரின் கடலோடும் திறனைப் பறைசாற்றுகிறது" என்பதை யார் எதிர்ப்பார்? அதற்கு மணியே தேவையில்லை.

இப்படி எழுதிப் பாருங்கள்: "கப்பலின் பெயரையும் ஆண்டையும் விட்டுவிட்டு உடைமையாளரின் பெயரை மட்டும் தாங்கியிருப்பதால், இந்த மணி கப்பலை அல்ல, அதன் சொந்தக்காரரையே துறைமுகத்தில் அடையாளம் காட்டியது." இதை ஒருவர் மறுக்கலாம். வேறு ஆசியக் கப்பல் மணிகளைக் காட்டி, அவற்றில் அப்படி இல்லை என்று சொல்லலாம். உடைந்த பகுதியில் வேறு ஏதாவது எழுதியிருந்திருக்கலாமே என்று கேட்கலாம். மறுக்க முடிகிறது என்பதால்தான் நிறுவவும் முடிகிறது.

ஒரு சோதனை: உங்கள் மையக் கருத்தில் உள்ள பொருளின் பெயரை எடுத்துவிட்டு வேறு பொருளின் பெயரைப் போடுங்கள். வாக்கியம் அப்போதும் பொருந்தினால் அது உங்கள் பொருளைப் பற்றியதல்ல. "பறைசாற்றுகிறது" வாக்கியத்தில் மணிக்குப் பதில் பாய்மரம் என்று போட்டுப் பாருங்கள்.

பொருள் எப்படிக் கைமாறி அருங்காட்சியகத்துக்கு வந்தது என்பதும் கட்டுரையில் வர வேண்டுமா?

வர வேண்டும், முக்கியமாகச் செப்புத்திருமேனிகளை எடுப்பவர்களுக்கு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் அளவுக்கு விலை கொடுத்து வாங்கியது. விற்றவர்கள் காட்டிய உடைமை ஆவணங்கள் பொய். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன் கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள்தான் அந்தத் திருமேனியை அடையாளம் காட்டின. 2014 செப்டம்பரில் அது இந்தியாவுக்குத் திரும்பியது. இதை அறியாமல் "சோழர் கலையின் உன்னதம்" என்று மட்டும் எழுதினால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஆறு ஆண்டுகளை நம்பி, கோயிலில் இருந்த நூற்றாண்டுகளை விட்டவர்கள் ஆவீர்கள்.

மணிக்கும் இந்தக் கேள்வி உண்டு. கொலென்சோ எழுத்துகளைக் கவனித்ததால்தான் மணி தப்பியது. அவர் கவனித்ததற்கும் ஒரு காரணம் தோன்றுகிறது: அவர் அச்சுத் தொழிலாளி. மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837-இல் அச்சிட்டு முடித்தவர். ஈய எழுத்துகளை நாளெல்லாம் கையில் எடுத்துக் கோத்தவர் கண்ணுக்கு, புகை படிந்த பாத்திரத்தின் விளிம்பில் இருப்பது கோலமல்ல, எழுத்து என்று பட்டிருக்கலாம். 'இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். இது என் ஊகம்.

நேரில் பார்க்க முடியாது. படம் போதுமா?

வேறு வழியில்லை என்றால் போதும், ஆனால் படத்தில் பார்த்தேன் என்று கட்டுரையில் சொல்லிவிடுங்கள். படத்தில் எடை தெரியாது, பின்பக்கம் தெரியாது, அளவு ஏமாற்றும். ஒரே படத்தை நம்பாமல் வெவ்வேறு கோணத்தில் எடுத்தவற்றைத் தேடுங்கள்.

அருங்காட்சியகமே வேண்டாம், வீட்டில் இருக்கும் பொருளை எடுக்கலாமா?

எடுங்கள். நான் படித்த மிகச் சிறந்த கட்டுரைகளில் ஒன்று ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டியைப் பற்றியது. எழுதிய மாணவியின் பாட்டிக்குக் கல்யாணச் சீராக வந்தது. வயிற்றுப் பகுதியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: தாய்மாமன் பெயர், 'அன்பளிப்பு' என்ற சொல், தேதி. பாத்திரக் கடையில் வாங்கிய கையோடு வெட்டித் தருவார்களே, அந்த எழுத்து. அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறாள். 'ன்'னுக்கு வைத்த புள்ளி எது, கோட்டுக்கு வைத்த புள்ளி எது என்று பிரித்தறிய முடியவில்லை என்று எழுதியிருந்தாள். அடுத்த பத்தியில் மூடியைத் திருப்பினாள். மூடியில் இருந்த பெயர் வேறு.

பந்தியிலோ விசேஷத்திலோ பாத்திரங்கள் கலந்து, மூடி மாறி வந்துவிட்டது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அதிலிருந்து அவள் பிடித்துக்கொண்ட இழை இது: பாத்திரத்தில் பெயர் வெட்டுவது வீட்டில் இருப்பவர்களுக்காக அல்ல, பாத்திரம் வீட்டை விட்டு வெளியே போகும் என்பதால். பெயர் எப்போதும் அந்நியர் படிப்பதற்காக. பத்து வீட்டுப் பாத்திரங்களை எடுத்து, எவை எவற்றில் பெயர் இருக்கிறது, எவற்றில் இல்லை என்று பட்டியலிட்டிருந்தாள். அன்றாடம் சோறு வடிக்கும் பானையில் பெயர் இல்லை. கடன் போய்வரும் அண்டாவில் இருந்தது.

அதைப் படித்த பிறகுதான் மணியின் இரட்டை "உடைய" எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. மணி யாருடையது என்று முகைதீன் பக்ஸின் மாலுமிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல கப்பல்கள் நெருங்கி நிற்கும் துறையில், மணி கழன்று கைமாறக்கூடிய இடத்தில்தான் அந்தச் சொல்லுக்கு வேலை.

'நான்' என்று எழுதலாமா?

பார்த்தது நீங்கள் என்றால் "நான் பார்த்தேன்" என்று எழுதுவதுதான் நேர்மை. "ஆய்வாளரால் நோக்கப்பட்டது" என்று எழுதினால் பொருள் தூரம் போய்விடுகிறது. சில துறைகள் ஒப்புக்கொள்வதில்லை; வழிகாட்டியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்குவது?

"கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே" வேண்டாம். "மனிதன் தோன்றிய நாள்முதல்" வேண்டாம். பொருளில் உங்களை நிறுத்திய இடத்தில் தொடங்குங்கள்.

இணையத்தில் கிடைப்பதை மேற்கோள் காட்டலாமா?

அருங்காட்சியகங்களின் பதிவுகளைத் தயங்காமல் காட்டலாம். மற்றவற்றில், செய்தி எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். மணியைப் பற்றி இணையத்தில் சுற்றிவரும் நூறு பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. நூறு சாட்சிகள் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரே சாட்சிதான் நூறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்.

முடிவுரையில் என்ன எழுதுவது?

முன்னால் சொன்னதைத் திருப்பிச் சொல்லாதீர்கள், படிப்பவர் மறந்திருக்கமாட்டார். எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் வாதம் மாறும் என்று எழுதலாம். மணியைப் பொறுத்தவரை, வெண்கலத்தில் செம்பும் வெள்ளீயமும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்ற அளவை, வார்த்த ஊரும் காலமும் தெரிந்த மற்ற மணிகளோடு ஒப்பிட்டால் நான்கு காலங்களில் முதலாவது கொஞ்சம் நெருங்கி வரும். இப்படி ஒரு வேலையைச் சுட்டிவிட்டு நிறுத்துங்கள்.

தலைப்பு?

கடைசியில் வையுங்கள். தூக்குச்சட்டிக் கட்டுரையின் முதல் வரைவுக்கு "எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் பொறிக்கும் மரபு: ஓர் ஆய்வு" என்று தலைப்பு இருந்தது. 'ஓர் ஆய்வு' என்பதை மட்டும் அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். மறுவாரம் முழுத் தலைப்பையும் அவளே மாற்றிக்கொண்டு வந்தாள்: "மூடி வேறு வீட்டுடையது."